தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை குறித்து

அனுப்புநர்:
இ. நல்லமுத்து,
உதவி ஆசிரியர், தோட்டப் பாடசாலை,
கருங்கல்மலைத் தோட்டம், மேற்பிரிவு,
மஸ்கெலியா.

பெறுநர்:
அதிகாரி அவர்கள்,
தற்காலிக வதிவிட அனுமதிப் பிரிவு,
கொழும்பு.

பொருள்: வேலாயி என்பவரின் குடும்ப அனுமதிச் சீட்டில் பூரணி (வயது 17) என்னும் பெண்ணைச் சேர்த்தல், செப்டெம்பர் 24ஆம் திகதி விசாரணையில் வேலாயி வாய்மொழியாகச் சாட்சி சொல்வதிலிருந்து விலக்குக் கோரல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதைப் புகார் என்று எழுதுவதா, வேண்டுகோள் என்று எழுதுவதா என்று தெரியவில்லை. புகார் என்றால் யார் மீது என்று குறிப்பிட வேண்டும். இரண்டு வாரமாக யோசிக்கிறேன். எவர் பெயரும் கிடைக்கவில்லை.

1. தங்கள் கடிதம் ஆகஸ்ட் 20ஆம் திகதி கிடைத்தது. என் தாயார் வேலாயி செப்டெம்பர் 24ஆம் திகதி நேரில் வந்து, தம் வீட்டில் இருக்கும் பூரணி தாம் பெற்ற பிள்ளைதானா என்று வாயால் சொல்ல வேண்டும். ஆம் என்றால் அவள் பெயர் அனுமதிச் சீட்டில் ஏறும். இல்லையென்றால், சீட்டு முடிவடையும் 30ஆம் திகதிக்குப் பிறகு, பூரணி இந்நாட்டில் தங்க அனுமதியில்லாதவள். கடிதம் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் தெளிவாக இல்லை.

2. நாங்கள் இந்தியப் பிரசைகள். என் தகப்பனார் இராமையா இத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1953இல் துறையூர்ப் பக்கத்தில் தம் தாயின் சாவுக்குப் போய்வர இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தார். பதினாறு நாளில் திரும்பிவிட்டார். திரும்பியபோது நாங்கள் எல்லோரும் வெளிநாட்டவராக இருந்தோம். அன்றுமுதல் தற்காலிக அனுமதியில் வாழ்கிறோம். வேலைக்கு வந்தபின் எனக்குத் தனிச் சீட்டு. இதில் எங்களுக்கு முறைப்பாடு இல்லை. பின்னால் வருவது விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

3. பூரணிக்கு நான்கு வயதில் வலிப்பு வந்தது. மாதத்துக்கு ஐந்து, ஆறு தடவை. ஒருமுறை அடுப்பில் விழுந்தாள். இடது கையில் தழும்பு இருக்கிறது. பேச்சு அதன்பின் வளரவில்லை. இன்று அவளுக்கு முப்பது, நாற்பது சொற்கள் தெரியும். கிழமை தெரியாது. தனியாகப் பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போகக் கூடாது. என் தாயார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில், வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் அவளும் இருக்கிறாள். பதினேழு வயதுப் பெண் அங்கே இருப்பதற்குச் சட்டம் இல்லை. ஆனால் அங்கு ஆயாவாக இருக்கும் பேச்சியம்மா அவளை விடுவதில்லை. "பூரணி ஆட்டுனாத்தான் இதுங்க தூங்குதுங்க. நான் ஆட்டுனா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கிடக்குதுங்க" என்கிறார்.

4. தாங்கள் அறிந்திருக்கலாம், அறியாமலும் இருக்கலாம்: எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நோயில் பிள்ளை தங்காது என்று தோன்றினால், அதை வேறொரு பெண்ணிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்பார்கள். தவிட்டைக் கொடுத்தவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டுவாள். பிறகு வளர்ப்பதற்கென்று பெற்றவளிடமே திருப்பிக் கொடுப்பாள். அன்றுமுதல் அது தவிடு கொடுத்தவளின் பிள்ளை. பெற்றவள் தன் பிள்ளை என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் நோய் பழைய வீட்டுக்குத் திரும்பிவிடும்.

1951 தை மாதம் பூரணி இவ்வாறு விற்கப்பட்டாள். வாங்கியவர் ஹட்டனில் சீலைக்கடை வைத்திருக்கும் இப்றாஹிம் முதலாளியின் மனைவி ஆமினா உம்மா. பூரணி அவரை உம்மா என்பாள். என் தாயாரைப் பெரியம்மா என்பாள். என் தாயார் பதினொரு வருடமாக அவளுக்குச் சோறு ஊட்டி, தலைவாரி, மாத்திரை கொடுத்து வருகிறார். மகளே என்று கூப்பிட்டதில்லை. ஒரு தடவை தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

5. அதே வாரம், தவிடு வாங்கிய மூன்றாம் நாள், தோட்டத்து மருந்துச்சாலையில் புதிதாக வந்திருந்த டிஸ்பென்சர் பூரணிக்கு ஒரு சிறிய வெள்ளை மாத்திரை கொடுக்கத் தொடங்கினார். பினோபாபிட்டோன் என்று அதற்குப் பெயர். காலையில் அரை, இரவில் ஒன்று. வலிப்பு நின்றது.

எது நிறுத்தியது என்பதுதான் எங்கள் வீட்டின் கேள்வி.

6. நான் பேராதனையில் மூன்று ஆண்டு தத்துவம் படித்தவன். ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதால் ஒன்றால் ஒன்று நிகழ்ந்ததாகாது என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி பெற்றவன். மாத்திரைதான் காரணம் என்று என் தாயாரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் தங்களிடம் மறைக்கக் கூடாது. 1957 கடைசியில் மழையில் பாதை சரிந்து பன்னிரண்டு நாள் மாத்திரை வரவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் வலிப்பு வரவில்லை. 1960 பங்குனியில் மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை. பீலிக்கரைப் படியில் பூரணி வழுக்கினாள். என் தாயார் "ஐயோ எம் மகளே" என்று கத்திவிட்டார். அங்கேயே, அந்தக் கல்லிலேயே, வலிப்பு வந்தது. தலையில் அடிபட்டது காரணமாக இருக்கலாம் என்றேன். "நீ படிச்சவன். சொல்லுவ" என்றார் தாயார்.

இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. அவருக்கு ஒன்றே போதுமாக இருக்கிறது. எனக்கு எத்தனை வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

7. இப்போது தங்கள் கோப்பில் இருக்கும் வாக்குமூலத்துக்கு வருகிறேன். 1955இல் அனுமதிச் சீட்டு தொடர்பாக ஓர் உத்தியோகத்தர் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான எங்கள் லயத்துக்கு வந்தார். லயத்துக் காம்பரா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தேநீர் குடித்தார். பண்பானவர். பூரணியைக் காட்டி யார் என்று கேட்டார். என் தாயார் சொன்னது: "எம் புள்ள இல்லீங்க ஐயா. ஹட்டன் சீலக்கடை உம்மாவோட புள்ள. நாங்க வளத்துக்கிட்டு இருக்கோம்." அவர் அதை அப்படியே எழுதினார். தகப்பனார் பக்கத்தில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் நின்றேன். எனக்குப் பதினெட்டு வயது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் தகப்பனார் காலமானார்.

உத்தியோகத்தர் தவறு செய்யவில்லை. என் தாயார் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது உண்மை. நான் மட்டும் இரண்டும் தெரிந்துகொண்டு சும்மா நின்றவன். புகார் யார் மீது என்ற கேள்விக்கு இந்த இடத்தில் ஒரு பெயர் வருகிறது போலும்.

8. 1945ஆம் வருடப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஒன்று எங்களிடம் உண்டு. தாய்: வேலாயி. பிள்ளை: பெண். பெயர் என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறது. பெயர் வைக்குமுன் பதிந்தது. தாய் ஏற்றுக்கொள்ளாமல் அதைப் பூரணியோடு இணைக்க முடியாது என்று தங்கள் கடிதம் சொல்கிறது. ஆக, பிள்ளையில்லாத ஒரு பத்திரம் எங்களிடம் இருக்கிறது. பத்திரமில்லாத ஒரு பிள்ளையும் இருக்கிறது. இரண்டும் ஒரே காம்பராவில் இருக்கின்றன.

9. ஆமினா உம்மாவிடம் போனேன். அவர்கள் அக்குறணைப் பக்கத்தவர்கள், இந்நாட்டுப் பிரசைகள். பூரணி தம் பிள்ளை என்று அவர் எழுதிக் கொடுத்தால் அனுமதிச் சீட்டே வேண்டியதில்லை என்று எனக்கு ஒரு யோசனை. வெட்கத்தோடு சொல்கிறேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "பொய்ச் சத்தியம் பண்ண எனக்கேலா மகன். புள்ளய வேணுமெண்டா நான் வெச்சிக்கொள்றன், அது வேற. நான் பெத்ததெண்டு மட்டும் எழுதேலா" என்றார். திரும்பும்போது பூரணிக்கு ஒரு பச்சை ரிப்பன் கொடுத்துவிட்டார்.

ஊருக்கே போய்விடலாமா என்று துறையூரில் உள்ள மாமாவுக்கும் எழுதினேன். அந்த மாத்திரைக்குத் திருச்சிக்குப் போக வேண்டும் என்றும், கோயிலில் கயிறு கட்டினால் போதும் என்றும் பதில் வந்தது. எங்கள் கடவுச்சீட்டிலும் பூரணி பெயர் இல்லை. தலைமன்னாரில் கப்பல் ஏற அவளை விடமாட்டார்கள். இங்கே இருக்கவும் முடியாது, போகவும் முடியாது என்ற நிலையில் ஓர் ஆள் எங்கே நிற்பது என்று எனக்கு விளங்கவில்லை.

10. அவசரம் இதுதான். தோட்டத்தில் குடும்பத்தினர் பட்டியலை இவ்வருடம் அனுமதிச் சீட்டுகளைப் பார்த்துப் புதிதாக எழுதினார்கள். பூரணி அதில் இல்லை. டிஸ்பென்சர் நல்ல மனிதர். "லிஸ்டுல பேரு இல்லாம இனி நான் எழுத முடியாது தம்பி. இது கடைசி" என்று சொல்லி ஒரு போத்தல் தந்தார். ஹட்டனில் மருந்துக்கடை உண்டு. டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு கேட்கிறார்கள். துண்டு எழுதுபவர் பாதுகாவலர் யார் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியோடு தங்களிடமே வந்து நிற்கிறேன். போத்தலில் பத்தொன்பது நாளைக்கு மாத்திரை இருக்கிறது. விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு தீர்ந்துவிடும். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்று டிஸ்பென்சர் சொல்லியிருக்கிறார்.

என் தாயார் 24ஆம் திகதி வாய் திறந்து ஆம் என்றால் மாத்திரை கிடைக்கும். ஆனால் அவரைப் பொறுத்தவரை அந்தச் சொல்லே வலிப்பைக் கொண்டுவரும். திறக்காவிட்டால் மாத்திரை இல்லை. என்னைப் பொறுத்தவரை வலிப்பு அப்படித்தான் வரும். இருவரும் ஒரே பிள்ளையைத்தான் காப்பாற்றப் பார்க்கிறோம். ஆறு நாள் இதைப் பேசினோம். ஏழாம் நாள் பேசவில்லை.

11. கடந்த ஞாயிறு நடந்ததை எழுதி முடிக்கிறேன்.

ஆமினா உம்மா ஹட்டன் பஸ்ஸில் வந்தார். என்னிடம் பேசவில்லை, நேராகத் தாயாரிடம் போனார். "உங்கட வாய் சொல்லாட்டிச் சரிதானே வேலாயி. கை வெச்சா என்ன? நான் தவிட்டத் திருப்பிக் கேக்கல்லயே" என்றார். தாயார் சிரித்தார். பிறகு பூரணியைப் பேச்சியம்மா வீட்டுக்கு அனுப்பினார். அவள் போய்விட்டாளா என்று வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வந்து, "எழுது" என்றார்.

நான் எழுதினேன். பூரணி நான் பெற்ற மகள். ஒரே வரி.

வழக்கப்படி வாசித்துக் காட்டத் தொடங்கினேன். அவர் என் வாயைப் பொத்தினார். "வாசிக்காத. எங்க வைக்கணும்னு மட்டும் காட்டு" என்றார்.

காட்டினேன். கொழுந்துப் பால் பட்டுக் கறுத்த விரல். முதல் ரேகை தேய்ந்து விழுந்தது. போதும் என்றேன். அவரே மறுபடி மையில் தொட்டு இரண்டாவது வைத்தார். அதுவும் சரியில்லை என்று மூன்றாவது வைத்தார். மூன்றாவது தெளிவாக இருக்கிறது. ஆமினா உம்மா சாட்சிக் கையெழுத்து வைத்தார். அது உண்மை, உண்மைக்குச் சாட்சி வைக்கத் தமக்குத் தடையில்லை என்றார். அவர் கையெழுத்து அரபு எழுத்தில் இருக்கிறது.

12. இத்தகைய பத்திரங்களின் அடியில் எழுதப்படும் ‘வாசித்துக் காட்டப்பட்டு, விளங்கிக்கொண்ட பின்’ என்ற வரியை நான் வெட்டியிருக்கிறேன். இருந்தால் பொய்யாகும். வாசித்துக் காட்டப்படாத ரேகை சட்டப்படி செல்லாது என்பதை அறிவேன். ஆனால் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் அந்தக் காம்பராவில் இருக்கவில்லை.

ஆகவே, அந்த ரேகையை அவர் வாய்ச்சொல்லாக ஏற்றுக்கொள்ளும்படியும், 24ஆம் திகதி அவரிடம் அக்கேள்வியைக் கேட்காமல் விடும்படியும், பெயரில்லாத பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் பூரணி என்று எழுத ஆவன செய்யும்படியும், அதற்குள் மாத்திரை தொடர்ந்து கிடைக்கத் தோட்டத்து மருந்துச்சாலைக்கு ஒரு வரி எழுதும்படியும் பணிந்து கேட்கிறேன். கேட்டே தீர வேண்டும் என்பது விதியானால், எழுத்தில் கேளுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் இடத்தைக் காட்டுவேன்.

ஒன்று மீதி இருக்கிறது. தாயாரின் பழைய வாக்குமூலம் நிற்கும்வரை பூரணி எனக்கு யாருமில்லை. இம்மனுவை எழுத எனக்கு உரிமையும் இல்லை. அதனால் கையெழுத்தின் கீழே என்ன போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். ஏழு வருடத்துக்கு முன் வாசலில் நின்று சொல்லாமல் விட்டதைப் போடுகிறேன். பிழையானால் அதை மட்டும் வெட்டிவிட்டு, மற்றதைப் பரிசீலியுங்கள்.

மஸ்கெலியா,
3.9.1962

இங்ஙனம்,
இ. நல்லமுத்து
பூரணியின் அண்ணன்

இணைப்பு:
பிறப்புச் சாட்சிப் பத்திரம், 1945 (பெயர் இல்லை).
டிஸ்பென்சரின் குறிப்பு.
வேலாயியின் கூற்று, மூன்று ரேகைகளுடன். விசாரணையில் அவர் முன்னிலையில் இதை உரக்க வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.