ரெண்டாம் மெஷினோட மார்க்

திங்கள்

விடியலிலேயே மழை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல பஸ் நகரல. தங்கச்சி சுதா என் தோள்ல தூக்கம். ரெண்டு பேரும் பெக்டரிக்கு லேட்.

மீட்டிங். ஓடின நேரம், வேகம், நல்ல மூடி. மூணையும் பெருக்கினா மெஷினோட மார்க். கணக்குப் போடுறது நான். கம்பனியோட இன்னொரு பெக்டரி, கடுகண்ணாவையில, மார்க்ல நம்மள விட மேல. மனேஜர் முகம் சுண்டிப்போச்சு. "நம்ம மார்க் எங்க போகுது மிஸ்?" "ரெண்டாம் மெஷின்ல, சேர்"ன்னேன். போத்தல் மூடி அச்சுல ஒட்டுது, எடுக்கக் கதவத் திறந்தா மெஷின் தானா நிக்குது. அந்த மெஷின்ல வேலை சுதாவுக்கு.

குடைய பஸ்ஸுல விட்டாச்சு. சனியன்.

புதன்

மார்க் குபீர்னு ஏறிடுச்சு. மனேஜர் பாற்சோறு, கிரிபத், வெட்டினார், முதல் துண்டு சுதாவுக்கு. வெக்கத்துல நெளிஞ்சா. எனக்கும் பெருமைதான்.

ஆனா மூடி ஒட்டுறது நிக்கலையே?

வியாழன்

போய்ப் பாத்தேன். கதவு திறந்து கிடக்கு, மெஷின் ஓடுது. அச்சு மூடுறதுக்குள்ள சுதா கைய விட்டு மூடிய எடுக்குறா. அடிப்பாவி!

மெக்கானிக் நௌஷாட் நானா: "மேல இருந்து சொன்னாங்க, கதவு சுவிட்ச கட்டிட்டேன், திறந்தாலும் நிக்காது. சும்மா இரிங்க மிஸ்."

சுதா: "பழகிடுச்சுக்கா. நிப்பாட்டினா எல்லாரும் என்னையே முறைக்கிறாங்க."

மனேஜர்: "நாளைக்கு கடுகண்ணாவை ஆக்கள் வர்றாங்க, நம்ம முறையப் பாத்துப் பழக. அது முடியட்டும், சுவிட்ச அவிழ்க்கலாம்." பழகவாம்! தூ.

வாங்க: பருப்பு, சவர்க்காரம், அம்மா மாத்திரை.

வெள்ளி

அம்மாவ கிளினிக் கூட்டிட்டுப் போன்னு சுதாவ வீட்டுல நிறுத்திட்டேன். முணுமுணுத்தா. முணுமுணுக்கட்டும்.

மெஷின்ல அவளுக்குப் பதிலா பாக்கியம். மூடி பெக்கிங் பண்ற பிள்ளை, இந்த மெஷின தொட்டதே இல்ல. இது ஏன் எனக்குத் தோணல? நிப்பாட்டச் சொல்ல ஓடினேன். போய்ச் சேரல, அலறல் கேட்டுச்சு. பாக்கியத்தோட வலது கை, அச்சுக்குள்ள.

வந்த ஆக்கள அவசரமா தேத்தண்ணிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

மனசுல முதல்ல வந்தது, நல்லவேளை சுதா இல்ல. சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

மனேஜர் மேசைக்கிட்ட வந்து மெதுவா: "நின்ன நேரத்த, திட்டம் போட்டு நிப்பாட்டினதுன்னு போடுங்க மிஸ். மார்க் குறையாது." இன்னும் போடல.

மெஷின கழுவியாச்சு. சுவிட்ச அவிழ்க்கல.

போன்ல சுதா. "அக்கா, சேர் பேசினார். பாக்கியம் லீவு போட்டுட்டாளாம், என்னை ஷிப்ட்டுக்கு வரச் சொல்றார். பஸ் ஏறிட்டேன்."