மேற்படி பொருள்

மார்ச் 4

நாப்கின் மசோதாவின் வரைவு என் மேசைக்கு வந்துவிட்டது. சட்டப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண் என்பது தற்செயல். வரிவிலக்கு, ரேஷன் கடையில் மலிவு விற்பனை, நான்காம் பிரிவில் பள்ளிக் கழிப்பறைகளில் இலவசம். கொண்டுவரும் உறுப்பினர் முன்னாள் நர்ஸ், எல்லோருக்கும் நர்ஸம்மா. "நாலாவது போச்சுன்னா மத்ததெல்லாம் அலங்காரம்தான்மா" என்றார்.

மார்ச் 6

தங்கை போன் செய்தாள். வகுப்பில் பாவாடை கறைபட்ட நாளிலிருந்து மகள் பள்ளிக்குப் போகவில்லை. "படிச்சுக் கிழிச்சது போதும்னு சொல்றாக்கா." பதினான்கு வயதில் ஓய்வு. அமைச்சர்களுக்கே அந்தப் பழக்கம் இல்லை.

நான் வாங்கி அனுப்புகிறேன் என்றேன். பின்னாலிருந்து மகள் கத்தியது கேட்டது: "பெரியம்மா எனக்கு அனுப்புவாங்க. கிளாஸ்ல மத்தவளுங்களுக்கு யார் அனுப்புவா? ஸ்கூல்ல ஒரு பெட்டி வெக்கச் சொல்லு, போறேன்."

மார்ச் 11

மேலதிகாரி வரைவைத் திருப்பி அனுப்பிவிட்டார். 'மாதவிடாய் அணையாடை' என்று ஒரு தடவை சொன்னால் போதுமாம். பிறகு 'மேற்படி பொருள்'. "சபை மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்லம்மா."

சாராயச் சட்டத்தை வரைந்ததும் நான்தான். வரிக்கு வரி சாராயம். சபை தள்ளாடவில்லை.

மார்ச் 12

ஆளும் அணிக் கொறடா நான்காம் பிரிவை நீக்கத் திருத்தம் கொண்டுவருகிறாராம். மீதியை ஆதரிப்பதாக அறிவித்தாயிற்று, தேர்தல் வருகிறது. தலையெண்ணினால் நாங்கள் காலி.

பிற்பகல் முழுவதும் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு பிரிவை நீக்கக் கோருபவர் அதை முழுவதும் சபையில் வாசிக்க வேண்டும். வழிமொழிபவரும் மறுபடி வாசிக்க வேண்டும். படிக்கத் தெரியாத உறுப்பினர்கள் இருந்த காலத்து விதி. அந்த விதியை ஒழிக்க இதுவரை யாருக்கும் நேரமில்லை.

'மேற்படி'யை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டேன். இப்போது உட்பிரிவுக்கு உட்பிரிவு மாதவிடாய். மேலதிகாரியிடம் "தெளிவுக்காக சார்" என்றேன். கூச்சத்தில் பக்கத்தைத் திருப்பாமலே கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 18

கொறடாவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். பிரிவைப் படித்திருப்பார்.

மார்ச் 19

தொண்டைக்கு மருந்தும் கண்டுபிடித்துவிட்டார். அவர் அணியில் இருக்கும் ஒரே பெண் உறுப்பினர். திருத்தம் இப்போது அந்தப் பெண்ணின் பெயரில்.

இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்? ஆம்பளைங்க கூச்சத்தை நம்பி ஒரு சட்டம் — அறிவிருக்காடி உனக்கு? தங்கையின் போனை எடுக்கவில்லை.

மார்ச் 20

அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் எழுந்தார். முதல் வரியில் குரல் நடுங்கியது. பிறகு நிமிர்ந்துவிட்டது. ஒரு 'மாதவிடாய்' விடாமல், ஒவ்வொன்றாக, பாடம் நடத்துவதுபோல் வாசித்தார். கீழே பெரிய மனிதர்கள் பலர் திடீரென்று தங்கள் செருப்பை ஆராயத் தொடங்கினார்கள்.

"வழிமொழிபவர்?" என்றார் சபாநாயகர்.

கொறடா திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். மேடையில் ஒலிபெருக்கியே தேவைப்படாதவர். "மாத..." என்றார். இருமினார். தண்ணீர் குடித்தார். உட்கார்ந்துவிட்டார். சபாநாயகர் மறுபடி கேட்டார். யாருமில்லை.

வழிமொழிய ஆளில்லாமல் திருத்தம் விழுந்தது. மசோதா நான்காம் பிரிவோடு நிறைவேறியது.

வராந்தாவில் அந்தப் பெண் என்னை நிறுத்தினார்.

"எழுதினது நீங்கதானா?"

"ஆமாங்க."

"முதல் வரி வரைக்கும்தான் கூச்சமா இருந்துச்சு. அப்புறம் கோபமா வந்துச்சு மேடம்."

யார் மேல் என்று கேட்பதற்குள் கொறடா அவரைக் கூப்பிட்டார். போய்விட்டார். என் மேலாகவும் இருக்கலாம்.

ஜூலை 9

தங்கை மகள் போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. "என்ன பெரியம்மா சட்டம் எழுதினீங்க? பெட்டி மத்தியானத்துக்குள்ள காலியாயிடுது. ஹெச்.எம்.கிட்ட சொன்னா, நாளைக்குப் பார்க்கலாம்கிறாங்க. கணக்கு சார் கிளாஸ் வேற இன்னிக்கு ரெண்டு தடவை."

கால் மணி நேரம் திட்டினாள். பள்ளியைப் பற்றி இத்தனை குறை, தினமும் பள்ளிக்குப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.