நல்ல தண்ணீர்க் கன்றுகளுக்கு என்ன கேடு?

ஜூலை 7, திங்கள்
புக்கிட் ரோத்தான் நாற்றங்கால். காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். பாமாயில் தரும் செம்பனைக் கன்றுகள்: உப்புத் தண்ணீர் வரிசையில் 20, நல்ல தண்ணீர் வரிசையில் 20. 8.30க்கு இலை நறுக்கி உடனே உறையவைத்தாச்சு. உப்புத் தொல்லை வந்தால் செல் எந்த மரபணுவைத் திறக்கிறது, எதை மூடுகிறது? அதுதான் என் முதுகலை ஆய்வு. வெள்ளிக்குள் என் வழிகாட்டி டாக்டர் அஸ்மாவிடம் முடிவு தர வேண்டும். சொதப்பினால் ஆறு மாத வேலை கோவிந்தா.
மதியம் ரொட்டி சானாய் மூன்று. வெட்கமே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்
ஐயோ. நல்ல தண்ணீர்க் கன்றுகளிலும் தொல்லை மரபணுக்கள் திறந்து கிடக்கின்றன! சொகுசாக வளர்பவற்றுக்கு என்ன கேடு? இரண்டு வரிசையும் அலறினால் எதை எதோடு ஒப்பிட? வெயிலா, பூச்சியா? கருவியில் மறுபடி ஓட்டினேன். அதே. கொஞ்சம் அழுதேன்.

ஜூலை 9, புதன்
8 மணிக்கே போனேன். நாற்றங்காலில் வேலை செய்யும் வசந்தா அக்கா தினமும் போல் கன்று எண்ணுகிறார், ஒன்றுக்குப் பதில் 'லாபம்' என்று தொடங்கி. "லாபம், ரெண்டு, மூணு..." ஒவ்வொன்றின் இலையையும் விரலால் நீவி நீவி. உப்பு வரிசை வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணால் மட்டும்.
"ஏங்க்கா, இத மட்டும் தொடல?"
"நீதானே தங்கச்சி சொன்ன, உப்பு வச்சதத் தொடாதீங்கன்னு. மத்தத தொடாம எப்படிலா எண்றது? வேல வாங்குற மண்டோரு அப்படித்தான் பழக்குனாரு."
நல்ல வரிசையையும் தொடக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. தொட்டாலும் சில மரபணுக்கள் நிமிஷத்தில் திறக்கும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன், மக்கு.

ஜூலை 10, வியாழன்
மேகமூட்டம். மழை மட்டும் வேண்டாம் சாமி, துளி பட்டாலும் தொட்ட கணக்குதான். நேற்றே சொல்லி வைத்ததால் யாரும் எதையும் தொடவில்லை. அக்கா தூர நின்று நல்ல வரிசையை எண்ணினார்: 19. மறுபடி: 21. இலை நறுக்கி, லேபுக்கு ஓட்டம்.
மாலை: நல்ல தண்ணீர் வரிசை அமைதி. உப்பு வரிசை மட்டும் அலறல். நானும் அலறினேன், சந்தோஷத்தில்.

ஜூலை 11, வெள்ளி
டாக்டர் அஸ்மா சிரித்தார். திங்கள் நறுக்கிய இலைகளின் முடிவையும் தூக்கிப் போட வேண்டாமாம். மூன்றாவது வரிசை வேண்டும்: தினமும் தொட்டு, பிறகு உப்பு. தொட்டுப் பழகியது உப்பைத் தாங்குமா என்று பார்க்க. தொடும் ஆள் வசந்தா அக்காவேதான்.
போய்ச் சொன்னேன். நம்பவில்லை.
"என் கை பட்டது கன்னுக்குத் தெரியுமா?"
"தெரியும்க்கா. மெஷினே சொல்லுது."
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவி வந்தார். "எந்த வரிசை, சொல்லு."