சிவப்புத் துணி கட்டிய பாத்திகள்

3 செப்டம்பர் 1979, திங்கள்

காலையில் தூறல். கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி. முதல் பெஞ்சு ரோஸியின் நோட்டு கிடைத்தால் பாக்கி இல்லை.

மழை விட்டதும் கூலிக்கு வரும் ஏழுமலை அண்ணன் தெளிப்பான் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு கத்தரிக்கு மருந்து அடித்தார். மருந்தாம்! குடித்தால் ஆள் காலி, பெயர் மட்டும் மருந்து. ஓரத்துப் பாத்திக்கு மட்டும் விலக்கு. அங்கே குச்சியில் சிவப்புத் துணி. அதுதான் வூட்டுப் பாத்தி, எங்கள் குழம்புக்கு. மற்றதெல்லாம் தாம்பரம் மார்க்கெட்டுக்கு. நாளை மறுநாள் பறிப்பு.

டப்பாவில் அச்சடித்திருப்பதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அடித்து ஒரு வாரம் கழித்துத்தான் பறிக்க வேண்டுமாம்.

"ஒரு வாரம் வுட்டா முத்திப்பூடும். அடிக்காம வுட்டா சொத்தை. கமிஷன்காரன் கூடையோட கொட்டிடுவான். போய் பாடத்தப் படி."

சொத்தை இல்லாததுதான் அப்பாவின் சொத்து.

6, வியாழன்

வெயில். பிலோ அக்கா தாம்பரத்திலிருந்து வந்தாள். ஆறு மாத வயிறு, மூச்சு வாங்கல். பையில் எனக்கு ரிப்பன், அம்மாவுக்கு வெற்றிலை, அப்புறம் ஒரு பை கத்தரிக்காய்!

"கூடைல உன் நீலக் கோடு போட்டிருந்துதுப்பா. நம்ம காயாச்சேன்னு தேடித்தான் வாங்கறேன், வாராவாரம்."

அக்கா கல்யாணமாகிப் போன பிறகுதான் இங்கே பம்பு வந்தது. அவளுக்குத் தெரியாது. அப்பா பையை வாங்கினார். நேராகக் குப்பைக்குழி. மாட்டுக்குக்கூடப் போடவில்லை.

"இன்னாப்பா?"

"வாடிப்போச்சி. வூட்டுப் பாத்தில பறிச்சித் தரேன்."

"பளபளன்னு இருந்துதே!"

என் வாய் சும்மா இருக்குமா. "விக்கசொல்லோ வாடல, உன் வயித்துக்குன்னு வரசொல்லோ வாடிடுச்சாக்கா. திங்கக்கிழமை மருந்து அடிச்சி புதங்கிழமை பறிச்சது."

ஒரு அறை. விழுந்தது என் கன்னத்தில், சிவந்தது அப்பா முகம்.

7, வெள்ளி

கன்னம் சரி. வாயும் சரி.

அக்கா கிளம்பும்போது அம்மாவின் பாடம்: எந்தக் காய் வாங்கினாலும் உப்பும் புளியும் கரைத்த தண்ணீரில் ஊறப்போடு, தேய்த்து அலசு, காம்பை ஒட்டின தொப்பியை வெட்டி எறி. "அப்பவும் மேல கீறதுதான் போவும். உள்ள எறங்கினது போவாது. நம்ம காயே வாங்காதடி."

நம்ம காயே வாங்காதே! அம்மா சொன்னாள். அப்பா காதில் விழும்படி.

அக்கா படலருகில் நின்றுவிட்டாள். "பக்கத்து வூட்டு மும்தாஜ் அக்காவுக்கு நான்தான் நம்ம கூடையக் கைகாட்டினேன். அதுக்குக் கைக்கொழந்தை கீது. அதுக்கு எந்தப் பாத்திப்பா?"

அப்பா மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மண்வெட்டி.

9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கத்தில் தூக்கம்.

மத்தியானம் அம்மாவின் பழைய சிவப்புப் புடவையைக் கேட்டேன். எதற்கென்று அம்மா கேட்கவில்லை. கத்திரிக்கோலையும் கையில் கொடுத்தாள்! கத்தரிக்குக் கத்திரி.

சாயங்காலத்துக்குள் பாத்திக்கு ஒரு குச்சி, குச்சிக்கு ஒரு துணி. கடைசிப் பாத்திக்குத் துணி போதவில்லை. அக்கா தந்த ரிப்பனைக் கட்டினேன். அதுவும் சிவப்பு. கையெல்லாம் முள்.

அடி விழும். விழட்டும். இன்னொரு கன்னம் இருக்கிறது.

10, திங்கள்

வானம் வெளுப்பு. பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமென்றே லேட்.

ஏழுமலை அண்ணன் பம்போடு வந்தார். வரப்பில் அப்படியே நின்றார்.

"இன்னா பாப்பா, அல்லாத்துலயும் துணி பறக்குது?"

"அல்லாம் வூட்டுப் பாத்திண்ணா."

"அம்மாம் கத்தரிக்காயும் உங்க வூட்டுக்கா?"

"யாராச்சும் ஒருத்தர் வூட்டுக்குத்தானே போவுது?"

"சொத்தை வுழுந்தா?"

"வெட்டிப்போட்டுட்டு மீதியத் துன்னட்டும். புழு துன்னுட்டு உசுரோடதானே கீது!"

அவர் சிரிக்கவில்லை. என் பின்னால் பார்த்தார். அப்பா.

ஓடவில்லை நான்.

அப்பா என்னைத் தாண்டிப் போய் முதல் குச்சியைப் பிடுங்கினார். துணியைப் பார்த்தார். அம்மா புடவை என்று தெரிந்திருக்கும். அப்புறம் குனிந்து அதே குழியில், இன்னும் ஆழமாக, நேராக நட்டார்.

"சாஞ்சி கீது," என்றார்.