தகரத் தடுப்பு

தம்பிக்கு,

நம் இரண்டு கயிற்றுக் கடைகளுக்கும் நடுவே நின்ற தகரத் தடுப்பை இன்று காலை கழற்றிவிட்டேன். ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் தெளித்தால் போதுமா, முங்கி எழ வேண்டுமா என்ற சண்டையில் நாம் அடித்த தடுப்பு அது. நீ கைதட்டி ஜெபிக்கும்போதெல்லாம் நான் ஷட்டரைத் தடதடவென்று இழுப்பேனே, அந்தப் பழக்கத்தையும் விட்டாயிற்று.

நீ வேறு தெருவுக்குக் கடையை மாற்றப்போகிறாய் என்று தெரிந்ததும் உன் அண்ணி, "ஆண்டவர் முன்னால நிக்கும்போது தகரத்தையும் தூக்கிட்டுப் போவீங்களா?" என்றாள். விடிந்ததும் சுத்தியலைத் தேடி எடுத்தேன்.

போகாதே. காலை ஜெபம் இனி ஒன்றாக: ஒரு நாள் உன் கைதட்டல், மறுநாள் என் முழங்கால் ஜெபம். தண்ணீர்ப் பேச்சை எடுப்பவர் மறுநாள் இரண்டு கடையையும் கூட்டவேண்டும். இந்தக் கடிதத்தில் நானே எடுத்துவிட்டதால் நாளைக்குத் துடைப்பம் என்னுடையது.

உன் அண்ணன்