கீழ்வீட்டுச் சாமி அறைக்கு மேலே

அப்பா,

காலையிலிருந்து வீடெங்கும் நனைந்த கொங்கிரீட் தூளின் வாசனை. மேல்மாடியின் திறந்த பின்மூலையில் மேசன் பாஸ் தரை ஸ்லாப்பைத் துளைக்கிறார். இடுப்பெலும்பு முறிந்த அம்மா குளிப்பதற்கு, ஷவர் வைத்த ஒரு சின்ன அறை. உங்களுக்குக் கட்ட முடியாமல் போன அதே அறை.

பக்கவாதம் வந்த பிறகு அந்த மூலையில்தான் உங்களைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினேன். கொடியில் பெட்ஷீட் தொங்கும். ஆனால் மலைச்சரிவான கண்டியில் ஒருவர் வீட்டுக் கூரை இன்னொருவர் வாசலுக்குக் கீழே கிடக்கிறது; மேல் ரோட்டில் போகிறவர்களுக்குப் பெட்ஷீட் என்ன மறைப்பு? முதல் தண்ணீர் ஊற்றுமுன்பே கண்களை இறுக மூடிக்கொள்வீர்கள். "நான் பாக்கலைன்னா யாரும் பாக்கலைம்மா" என்று சிரிக்கப் பார்ப்பீர்கள். வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கும். நானும் வேறெங்கோ பார்த்தபடி சோப்பு போடுவேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நிறையப் படித்திருந்தேன். கையில் சோப்போடு நின்றபோது படித்ததெல்லாம் உதவவில்லை.

அப்போதும் அக்குறணையிலிருந்து இதே பாஸைத்தான் வரவழைத்தேன். ஸ்லாப்பைத் தட்டிப் பார்த்தார். "நாலு இஞ்சிக் கனம்தான் மகள். பைப்ப இதுக்குள்ள பொதைக்க ஏலா. கம்பியயும் வெட்ட ஏலா." தரையை உயர்த்தினால் பைப் மேலேயே போகும், ஆனால் படி வரும், உங்கள் கால் அதைத் தாண்டாது. மிச்சம் ஒரே வழி. பீமுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள ஒரு சாண் இடத்தில் துளைபோட்டு, பைப்பைக் கீழே இறக்கி, கீழ்வீட்டுக் கூரையடியால் வெளியே கொண்டுபோக வேண்டும். நேர் கீழே அவர்களுடைய சாமி அறை.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னீர்கள். மறுநாள், "வேணாம்மா. சாமி தலைக்கு மேல நம்ம அழுக்குத் தண்ணி ஓடக் கூடாது" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. "ஊருக்கு நல்லவரா இருக்கணும் உங்களுக்கு. தினமும் அவமானப்படுறது நான்" என்றேன். நீங்கள் கண்களை மூடிக்கொண்டீர்கள்.

போன வாரம் அம்மாவுக்காகக் கீழே போனேன். கீழ்வீட்டு அக்கா என்னைப் பேசி முடிக்க விடவில்லை. "அம்மா விழுந்தன்னைக்கே சாமிய முன் ரூமுக்கு மாத்திட்டேன் தங்கச்சி. நீ வருவேன்னு தெரியும்."

"அப்பா இருக்கிறப்பவே கேட்டிருக்கலாம்க்கா. அவருதான் விடல."

அக்காவின் முகம் மாறியது. "அவரு கேட்டாரும்மா. போன்ல. பேச்சு கொழறுச்சு, ரெண்டு தரம் சொன்னாரு. நாந்தான் முடியாதுன்னுட்டேன். உங்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை, அப்பா. யாரிடமும் எதுவும் கேட்காத நீங்கள், குழறும் நாவோடு கேட்டிருக்கிறீர்கள். கிடைத்த மறுப்பை உங்கள் சொந்தப் பிடிவாதமாக மாற்றி எங்களிடம் கொடுத்திருக்கிறீர்கள், அந்த வீட்டோடு நாங்கள் முகம் திருப்பிக்கொள்ளக் கூடாதென்று. அதற்குப் பிறகுதான் நான் என் அவமானத்தைப் பற்றிப் பேசினேன்.

மேலே வந்ததும் அம்மா கேட்டார், "என்ன சொன்னாங்க?"

"ஒடனே சரின்னுட்டாங்கம்மா."

"பாத்தியா? உங்கப்பா வாயத் தொறந்து கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். வீண் வீராப்பு."

நீங்கள் காத்த மௌனத்தை நானும் காப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மையல்ல. நீங்கள் கேட்டதை அம்மாவிடம் சொன்னால், நான் உங்களிடம் அவமானம் என்று சொன்னதையும் சொல்ல வேண்டிவரும்.