அத்தாவின் கடைவாய்ப் பல்

அன்பு மகள் தஹ்சீனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் அத்தாவின் வலது தாடை ஒன்றைத் தவிர. அங்கே நீயும் மருமகன் அல் அமீனும் நல்லபடியாக இருக்க ஐந்து நேரமும் துஆ செய்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் இப்போது எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று யோசிப்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அத்தா போனுக்குப் பின்னால் நின்று என் வாயையே காவல் காத்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரியாது. போனில் அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று அல்லாஹ் அறிய என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். போனில் என்றுதான் சொன்னார், கடிதத்தைப் பற்றி அந்த மனுஷன் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டு மீரான் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்கு வருகிறான், இட்லிப்பொடிப் பொட்டலத்துக்குள் வைத்து அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் ஆரம்பித்த வலி இது. முதலில் என் அஞ்சறைப்பெட்டியில் கிராம்பு குறைந்தது. கேட்டால் கடைக்கு எடுத்தேன் என்றார். பிரியாணிக்கடை நடத்துகிறவர் வீட்டுக் கிராம்பை எதற்கு எடுக்கப் போகிறார் என்று எனக்கு உறைக்கவில்லை, என் புத்தி அம்புட்டுத்தான். அப்புறம் அடிக்கடி வடமதுரைக்குப் போனார், கேட்டால் வெங்காயம் விலை பார்க்கிறேன் என்றார். போன மாதம் ஒரு வலிமா விருந்துக்கு நாங்கள் இருவரும் வடமதுரை போயிருந்தோம். தைலம் வாங்கலாம் என்று ஒரு மெடிக்கலில் நின்றேன். கடைக்காரர் பிராங்கிளின் என்று பெயராம், உன் அத்தாவைக் கண்டதும் "வாங்க பாய், இவுகதானா அந்தப் பல்லு வலிக்காரம்மா" என்று என்னைக் காட்டிக் கேட்டார். "ஏம்மா, இம்புட்டு நாளா கிராம்பு எண்ணெயிலயும் வலி மாத்திரையிலயுமா ஓட்டுவீக, ஒரு டாக்டரப் பாருங்க, பாவம் பாய் உங்களுக்காக அலையா அலையுறாரு" என்று எனக்குப் புத்தி வேறு. கடையில் நின்ற நாலு பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். இந்த வயதிலும் சீடையை நறநறவென்று கடிக்கிறவள் நான். வீட்டுக்கு வந்ததும் முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்து அவர் முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றேன். அப்போதுதான் உண்மையைச் சொல்லி அந்த வாக்கையும் வாங்கிக்கொண்டார்.

ஊர் சிரிக்குமே என்கிற கவலைதான் அவருக்கு என்று நினைத்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட உன் போட்டோவைக் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார் அல்லவா, நல்லி எலும்பு கடிக்கிறவர்களிடம் எல்லாம் "பாத்துக் கடிங்க, எம்பொண்ணு பல் டாக்டரு" என்று சொல்லிச் சொல்லி, இப்போது திண்டுக்கல்லில் எந்தப் பல் ஆஸ்பத்திரி வாசலிலும் செருப்பைக் கழற்ற முடியவில்லை. அதனால் வீட்டிலேயே வைத்தியம். மரத்துப்போக வைக்கிற ஜெல் ஒன்றை அரை டியூப் அப்பிக்கொண்டு போய்ச் சால்னாவில் உப்புப் பார்த்திருக்கிறார். நாக்கு செத்துக் கிடக்கிறது, உப்பு எப்படித் தெரியும். போடு போடு என்று போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அன்றைக்குத் தண்ணீர் பாட்டில் விற்ற மாதிரி நம் கடையில் என்றைக்கும் விற்றதில்லை. இன்னொரு நாள் வலி மாத்திரையைப் பொடித்து ஈறிலேயே வைத்துக்கொண்டார், வலிக்கிற இடத்திலேயே வைத்தால் சீக்கிரம் கேட்குமாம். ஈறு வெந்து வெள்ளையாகப் போய் ரெண்டு நாள் கஞ்சிதான்.

இதெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா. பரோட்டா மாஸ்டர் மொக்கைச்சாமிக்குப் பல் வலி, என்ன செய்யலாம் என்று உன் அத்தா போன் போட்டுப் போட்டுக் கேட்டாரே, நீயும் பொறுமையாக, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்க, கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் லேசாகத் தொட்டு வைக்கச் சொல்லுங்க, மாத்திரையை ஈறில் வைக்கவே கூடாது, சாப்பிட்ட பிறகு விழுங்கணும், இதெல்லாம் ஒண்ணு ரெண்டு நாளைக்குத்தான், டாக்டரிடம் போகாமல் தீராது என்று சொன்னாயே. மொக்கைச்சாமி வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது தாயி. மேலேயும் கீழேயும் செட்டுப் பல். நீ வாயைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்ன அன்று உன் அத்தா அறைக் கதவைச் சாத்தி, தாடி தெரியாமல் துண்டால் மூடிக்கொண்டு, டார்ச்சைக் காதோரம் பிடித்துப் படாத பாடு பட்டார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பல்லே விளக்க மாட்டாரா இந்த ஆளு என்று நீ கேட்டதற்கு, மறுநாளிலிருந்து மூன்று வேளையும் விளக்க ஆரம்பித்தார்.

போன வியாழக்கிழமை உனக்கே பொறுமை போய்விட்டது. "இன்னமும் அந்த ஆளு டாக்டர்ட்ட போகலையாத்தா, சீழ் வச்சு முகம் வீங்கினாத்தான் போவாராமா, கூட்டிட்டுப் போகப் பிள்ளைங்கன்னு யாருமே இல்லையா அவருக்கு" என்று சத்தம் போட்டாய். உன்மேல் தப்பில்லை. உன் அத்தா "இருக்காகம்மா, தூரத்துல இருக்காக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது, ஊருக்குப் பயந்து உசிரை விடப் போறீகளா என்று பிடித்துக்கொண்டேன். அப்போது சொன்னார். நீ மதுரையில் படிக்கையில் உன் கையால் முதன்முதலாக அடைத்த பல் அவர் வாயில் அந்தப் பக்கம்தானாம். அன்றைக்கு வலியில் கண்ணீர் வந்ததை, சந்தோஷத்தில் வருகிறது என்று உன்னிடம் சொன்னாராமே. "வேற டாக்டரு பாத்துட்டு, இத யாரு இப்புடி அடச்சு வச்சதுன்னு கேட்டா எம்மக பேரு என்னத்துக்கு ஆகும், அவ வந்து அவளே சரி பண்ணட்டும்" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது சொல்லு. கோபத்தில் ஆரம்பித்தவள் எழுந்து வெந்நீர் வைக்கப் போனேன்.

சனிக்கிழமை காலையில் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. இனி யார் பேச்சையும் கேட்பதில்லை என்று ஆட்டோ பிடித்து, தெரிந்தவர் கண்ணில் படாமல் செம்பட்டிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சுகன்யா என்று ஒரு பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். வாயைத் திறந்து பார்த்ததும், இந்தப் பல் எங்கே அடைத்தீர்கள் என்று கேட்டது. உன் அத்தா கொஞ்சமும் யோசிக்காமல், "பாலசமுத்திரத்துல ஒரு ஆளும்மா, ரொம்ப வயசானவரு, இப்ப இல்ல" என்றார். அந்தப் பிள்ளை கண்ணாடியை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கைய்யா அவருக்கு, இத்தன வருசத்துல ஒரு இழை அசையல, கெட்டது இது இல்ல, பக்கத்துப் பல்லு" என்றது. உன் அத்தா முகத்தை நீ பார்க்க வேண்டுமே. உண்மையைச் சொல்ல வாயெடுத்தார், அதற்குள் ஊசியோடு அந்தப் பிள்ளையின் விரல் வாய்க்குள் போய்விட்டது. ஆ ஊ என்று கையை ஆட்டினார், வலி தாங்கவில்லையாக்கும் என்று இன்னொரு ஊசியும் போட்டுவிட்டது.

கெட்டுப்போன அந்தப் பக்கத்துப் பல்லைக் காப்பாற்ற முடியாது என்று பிடுங்கிவிட்டு, பஞ்சைக் கடித்துக்கொள்ளுங்கள், பேசக்கூடாது என்றது. அவர் அடங்குகிற ஆளா. போனை எடுத்து உன் போட்டோவைக் காட்டுகிறார், தன் வாயைக் காட்டுகிறார், மறுபடி உன் போட்டோவைக் காட்டுகிறார். அது புரியாமல் என்னைப் பார்த்தது. நான்தான், அடைத்தது எங்கள் மகள், மஸ்கட்டில் இருக்கிறாள் என்று சொன்னேன். அப்புறம் வெளியே காத்திருந்த எல்லாருக்கும் பஞ்சும் வாயுமாக உன் போட்டோவைக் காட்டிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார்.

இப்போது வீக்கம் வடிந்துவிட்டது, மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார், பயப்படாதே. ஆனால் இடது பக்கம் ரெண்டு பல்லில் சொத்தை இருக்கிறது, ரெண்டு மாசத்துக்குள் அடைத்துவிட்டால் பிழைக்கும், இல்லாவிட்டால் அதுகளும் போகும் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. பஞ்சை எடுத்ததும் உன் அத்தா சொன்ன முதல் வார்த்தை, "அத எம்மக பாத்துக்குருவா" என்பதுதான். நான் கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன், அசையவில்லை. இந்த வருஷம் லீவு கிடையாது என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. வேலை பெரிதுதான் தாயி, இருந்தாலும் அங்கே உன் மேலதிகாரியிடம் ஒரு தடவை கேட்டுப் பார். வரும்போது சென்ட்டு, பேரீச்சம்பழம், சாக்லேட் ஒன்றும் வேண்டாம், பல் அடைக்கிற சாமான்களை மட்டும் மறக்காமல் எடுத்து வா. நேரத்துக்குச் சாப்பிடு. மருமகனுக்குச் சலாம் சொல்லு. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. சீக்கிரம் வந்து சேர், இங்கே ஒருவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
மை. நர்கீஸ்